நாகமணி மாஸ்டரும் காதில் பஞ்சு வைத்த வீரனும்

இன்னும் பிறக்காமலேயே வளர்ந்து, மீசையும் முளைத்து, தனி வீடு பார்த்துப் போக ஆயத்தமாகிவிட்ட என் மகனுக்கு,

உன் அம்மாவாகிய எனக்கு இப்போது வயது பதினேழு. வருகிற மாதம் பதினெட்டு. முதுமை நெருங்குகிறது. ஞாபகம் நல்லபடி இருக்கும்போதே சிலதை எழுதி வைத்துவிட வேண்டும். நீ எப்போது வருவாய், உன் அப்பா யார் என்றெல்லாம் கேட்காதே, எனக்கே தெரியாது. ஆனால் நீ வருவது உறுதி. ஏனென்றால் மூன்று கிழமைக்கு முன்னால், எங்கள் வாசிகசாலைக் கூட்டத்தில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் அம்மா எழுந்து நின்று, "உனக்கும் உன்னை மாதிரியே ஒண்டு பிறக்கவேணுமடி, அப்பத்தான் என்ர வயித்தெரிச்சல் உனக்கு விளங்கும்" என்று வாழ்த்தினார். அம்மா சொன்னால் நடக்கும். மழை வரும் என்றால் வரும், பால் பொங்கி வழியும் என்றால் வழியும். ஆகவே நீ என் அம்மாவின் சாபம். வா ராசா, வா. மகனா மகளா என்று அம்மா சொல்லவில்லை. என்னைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் மகள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மகன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும்போது தங்கள் குழப்படிகள் எல்லாம் ஆறிப்போய், வடிகட்டி, சீனி போட்டுக் கொடுக்கிறார்கள். நான் சுடச்சுட எழுதுகிறேன். முதலில் சின்ன ஒன்று. ஒட்டுசுட்டானில் இருந்து கொஞ்சம் உள்ளே, காட்டோரமாக எங்கள் வீடு. படலையில் "நாய் கவனம்" என்று ஒரு பலகை தொங்கும், எங்களிடம் நாய் கிடையாது. ஒரு நாள் நான் "நாய்" என்பதை அழித்துவிட்டு "கோழி" என்று எழுதினேன். தபால்காரர் மூன்று நாள் படலைக்கு வெளியே நின்றே மணி அடித்தார். "நாயெண்டா ஒரு கல்லை எடுக்கலாம். பலகை வைக்கிற அளவுக்கு ஒரு கோழி இருக்கெண்டா, அதை நான் என்னெண்டு சமாளிக்கிறது?" என்று அப்பாவிடம் கேட்டாராம். இப்படியான காரியங்களில் ஒருவருக்கும் சேதமில்லை. எனக்குத் துணிவு கூடியது இதனால்தான்.

இனிப் பெரியதுக்கு வருகிறேன். சுவிசில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாசிகசாலைக்கு ஒரு பெட்டி புத்தகம் அனுப்பினார். அதில் "செவியன்" என்று ஒரு தடித்த படக்கதைப் புத்தகம். தலையணைக்கு வைக்கலாம், தலையில் போட்டால் ஆளை எடுக்கலாம், அவ்வளவு கனம். பல நாடுகளில் பரிசு வாங்கியதாம். பின்னட்டையில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் "மகத்தான படைப்பு" என்று சொல்லியிருந்தார்கள். படம் இருந்ததால் வாசிகசாலைத் தலைவர் சிவபாதம் மாமா அதை முயல் கதைகளுக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளைகளின் தட்டில் வைத்துவிட்டார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதை வீட்டுக்குக் கொண்டுபோக, அடுத்த நாளே தாய் திருப்பிக் கொண்டுவந்து, "இதில ஒருத்தன் பக்கம் பக்கமா அழுறான், என்ர பிள்ளைக்கு நித்திரையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனா. அதற்குப் பிறகுதான் பெரியவர்களின் கண் அதில் விழுந்தது.

கதை இதுதான். ஒரு நகரத்தில் தண்ணிப் பம்பு திருத்துகிற ஒருவனுக்கு, உலகத்தில் எந்த மூலையில் யார் உதவி கேட்டுக் கூப்பிட்டாலும் கேட்கிற காது திடீரென்று கிடைக்கிறது. நீலப் போர்வை ஒன்றைக் கட்டிக்கொண்டு பறந்து போய்க் காப்பாற்றுகிறான். எரிகிற வீடு, கவிழ்கிற படகு, கிணற்றில் விழுந்த பிள்ளை. பிரச்சினை என்னவென்றால் கூப்பிடுகிறவர்கள் நிறுத்துவதே இல்லை. புத்தகம் முழுக்க அவன் சோற்றில் கை வைக்கிற நேரமெல்லாம் யாரோ ஒருவர் கூப்பிடுவார். கடைசி அத்தியாயத்தில் அவன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, சோறு சமைத்து, இருந்து, சாப்பிடுகிறான். கடைசி எட்டுப் பக்கத்தில் ஒரு எழுத்துக் கிடையாது. அந்த நேரத்தில் வெளியே யார் கூப்பிட்டார்கள் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. கடைசிப் படம் வெறுந்தட்டு. அவ்வளவுதான் புத்தகம்.

எங்கள் வாசிகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் எடுத்தவர் அதைப் பற்றி மூன்று வரியாவது எழுதினால்தான் அடுத்த புத்தகம் கிடைக்கும். அதற்கென்று கறுத்த மட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்று பேப்பர் மேசையில் சணல் கயிற்றில் கட்டிக் கிடக்கும். கறுத்தக் கொப்பியில் கருத்து. வழக்கமாக எல்லோரும் "நல்ல புத்தகம், பயனுள்ளது, நன்றி" என்று மூன்று வரியை மூன்று சொல்லாக்கிவிட்டுப் போவார்கள். செவியன் வந்த பிறகு கொப்பி பற்றிக்கொண்டது. எங்கள் கணித மாஸ்டர், ஒட்டுசுட்டானில் கூப்பிட்டால் சத்தம் கிளிநொச்சிக்குப் போய்ச் சேரவே இரண்டு நிமிடம் செல்லும், அதற்குள் கிணற்றில் விழுந்தவன் முடிந்துவிடுவான், ஆகவே கதை அடியோடு பிழை என்று கணக்கோடு எழுதினார். சலூன்கார அண்ணை, "சம்பளமில்லாத வேலைக்கு லீவுக் கடிதம் தேவையில்லை" என்று ஒரே வரியில் முடித்தார். படம் பார்ப்பது வாசிப்பே இல்லை என்று சொல்லித் திரிந்த சிவபாதம் மாமா மூன்று தரம் வாசித்து இரண்டு பக்கம் எழுதினார். என் அப்பா வயலில் இருந்து வந்து படத்தை மட்டும் புரட்டிவிட்டு, "எல்லாம் கேக்குதுன்னா, யானை வாய்க்காலைத் தாண்டும்போது எனக்கு ஒரு போன் அடிச்சா என்னவாம் இவனுக்கு?" என்றார். அப்பாவின் ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து இங்கே வந்தவர்கள், அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. யானை மட்டும் எல்லோருக்கும் பொது. அம்மா புத்தகத்தைத் தொடவே இல்லை. கடைசிப் படம் வெறுந்தட்டு என்று நான் சொன்னபோது, "கழுவினது ஆர்?" என்று மட்டும் கேட்டார். அதை விடச் சிறந்த விமர்சனத்தை நான் இன்னும் காணவில்லை.

ஊர் இரண்டாகியது. சாப்பிட்டது சரி என்றவர்கள் பஞ்சுக் கட்சி, பிழை என்றவர்கள் காதுக் கட்சி. பின்னேரம் நாலு மணிக்கு வாசிகசாலையில் ஆள் கூடினால் பஞ்சுக்காகவே ஒரு பஞ்சாயத்து. இவ்வளவு நல்ல நெருப்பைக் கண்டுவிட்டு உன் அம்மா சும்மா இருப்பாளா? காலையில் பேப்பர் பார்க்க வருகிறவர்களுக்காகக் கதவு திறந்து கிடக்கும், பொறுப்புக்கு ஆள் இருக்காது. நான் உள்ளே போய், இடக்கையால் ஒரு கருத்து எழுதினேன். எழுத்து நடுங்கியது, வயது தானாக வந்துவிட்டது. "கடமை காதில் குடியிருப்பது. அதைப் பஞ்சால் அடைப்பவன் வீரன் அல்லன், மெத்தை." கீழே கையொப்பம்: வே. நாகமணி, ஓய்வுபெற்ற அதிபர். மனிதர்கள் பிறந்து, படித்து, வேலை பார்த்து ஓய்வு பெறுவார்கள். நாகமணி மாஸ்டர் பிறந்ததே ஓய்வு பெற்றவராகத்தான்.

பின்னேரம் சிவபாதம் மாமா அதை உரத்து வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நாகமணி மாஸ்டரோ! பளையில இருந்தவர். நான் அவரிட்டப் படிச்சனான். சரியான கண்டிப்பு." சாரத்தை உயர்த்தி முழங்காலில் ஒரு தழும்பையும் காட்டினார். "இது அவர் தந்தது." சலூன்கார அண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. "போன மாசம் என்னட்டத்தான் தலைமயிர் வெட்டினவர். வாய் திறந்து ஒரு சொல்லுக் கதைக்கமாட்டார், மனுசன் ஒரு தங்கம்." அதற்குப் பிறகு நான் கிழமைக்கு இரண்டு கருத்து எழுதினேன். ஆட்கள் வந்ததும் முதலில் கொப்பியைத்தான் புரட்டினார்கள். நாகமணி மாஸ்டர் என்ன சொல்லியிருக்கிறார்? சில நாட்களில், அப்படி ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இனி ரிஸ்னா. ஆறாம் வகுப்பில் இருக்கும்போது புத்தளத்தில் இருந்து அவர்கள் குடும்பம் ஊருக்குத் திரும்பி வந்தது. வாப்பா கடைத்தெருவில் துணிக்கடை போட்டார், அவள் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள், அன்று தொடக்கம் அவள் என் சிநேகிதி. என் பகிடிக்கு முதலில் சிரிக்கிறவளும் அவள், "போதும் நிப்பாட்டு" என்கிறவளும் அவள். நாகமணி விஷயத்தை அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நிப்பாட்டு என்பாள் என்று தெரியும். அவள் செவியனை வாசித்துவிட்டுக் கொப்பியில் எழுதியது எனக்கு இப்போதும் பாடம். "அவன் சாப்பிடுகிற எட்டுப் பக்கத்தையும் பார்த்து நான் அழுதேன். எங்கள் உம்மா ஒருநாளும் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. ஒரு பிடி சோற்றைக் கையில் எடுத்தால் யாராவது கூப்பிடுவோம். கூடுதலாகக் கூப்பிட்டது நான்."

மகனே, அதற்குக் கீழே நாகமணி மாஸ்டர் இப்படி எழுதினார்: "ஒருவன் சோறு உண்பதைக் கண்டு அழும் அன்பர்கள் கலியாண வீட்டுப் பக்கம் போகாதிருப்பது நலம். முதல் பந்தி முடியுமுன் வெள்ளம் வந்துவிடும்." அது ரிஸ்னாவின் கருத்து என்று தெரிந்தே எழுதினேன். அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வசனம் வந்துவிட்டது, விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் நடக்கிற கெட்ட காரியங்களில் பாதி இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அன்று பின்னேரம் மாமா அதை வாசித்தபோது வாசிகசாலையே சிரித்தது. ரிஸ்னாவும் சிரித்தாள். ஒரு பகிடி பிழையா சரியா என்பதை எதிரில் இருப்பவர் சிரித்தாரா என்று பார்த்து முடிவெடுக்காதே. ஏனென்றால் அடுத்த நாள், அவள் எழுதிய பக்கத்தின் மேல் கொப்பி மட்டைக்குப் போடுகிற மண்ணிறத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. புத்தகத்தைப் பற்றி வாசிகசாலை ஒரு கலந்துரையாடல் வைக்கப்போவதாகவும் அதில் முதல் பேச்சு ரிஸ்னாவுடையது என்றும் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "அவ்வளவு படிச்ச மனுசன் சொல்லுறார். நான் எழுதினது விசர்க்கதைதானே?" என்று என்னிடமே கேட்டாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் கெட்டித்தனம் செய்யப் போனேன். அடுத்த காலையில் நாகமணி மாஸ்டர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். "செல்வி ரிஸ்னாவின் கருத்தைத் திரும்ப வாசித்தேன். அவர் சொன்னதே சரி. என் கேலி தவறு." ரிஸ்னாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பல்பு போட்டது போல. பேசுவதாக ஒத்துக்கொண்டாள். எல்லாம் சரி என்று நான் மூச்சு விட, சிவபாதம் மாமா எழுந்தார். பிழையை ஒத்துக்கொள்கிற பெரிய மனிதர் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார், கூட்டத்தில் மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார். கொப்பியிலேயே அழைப்பிதழ் எழுதினார். மாஸ்டர் உடனே, உடல்நிலை இடம் தராது என்று நடுங்கும் கையால் பதில் எழுதினார். "பெரிய ஆக்கள் முதலில அப்பிடித்தான் சொல்லுவினம். வருவார், எனக்குத் தெரியும்தானே அவரை" என்றார் மாமா. ரிஸ்னா, "உம்மாட்டச் சொல்லி மாஸ்டருக்கு வட்டிலப்பம் செய்விக்கிறன்" என்றாள். முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் அவிக்கிற இனிப்பு அது.

கூட்டம் ஞாயிறு மூன்று மணிக்கு. யானை றோட்டுக்கு வருமுன் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் எங்கள் ஊரில் எல்லாக் கூட்டமும் மூன்று மணிக்குத்தான். ஒரு மணிக்கு நான் ரிஸ்னாவைக் கூட்டிக்கொண்டு போக அவர்கள் வீட்டுக்குப் போனேன். குசினியில் உம்மா விடியற்காலையில் இருந்து நிற்கிறா. அடுப்பில் பெரிய சட்டி இரண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கடையில் இருந்து வாப்பா போனில் கூப்பிட்டார், முற்றத்தில் இருந்து தம்பி கூப்பிட்டான், அறைக்குள் இருந்து ஊசி எங்கே என்று ரிஸ்னா கூப்பிட்டாள். அலுமாரிக்கு மேல் ஒரு தட்டுச் சோறு மூடியபடி இருந்தது. அது காலையில் போட்டதாம்.

"வா மகள். மாஸ்டருக்குச் சீனி வருத்தம் இருக்கோ தெரியுமா? இருந்தாலுமெண்டு கருப்பட்டியைக் குறைச்சு, ஒரு சின்னக் கிண்ணத்தில தனியா வச்சிருக்கிறன்."

"அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ். வயசு எத்தினை இருக்கும்?"

"பதினேழு" என்றேன்.

உம்மாவின் அகப்பை நின்றது. வாசலில் தலைத்துணிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த ரிஸ்னாவின் கையும் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், இடக்கை உட்பட. உம்மா என்னைப் பார்த்தா, சட்டியைப் பார்த்தா, திரும்ப என்னைப் பார்த்தா. "யா அல்லாஹ், நாப்பது முட்டை! இந்தக் கழுதைக்கோ நான் நாப்பது முட்டை அடிச்சன்?" என்று தொடங்கிய சிரிப்பில் நிற்க முடியாமல் கட்டையில் குந்திவிட்டா. ரிஸ்னா சிரிக்கவில்லை.

"கலியாண வீட்டுக் கதையும் நீதான் எழுதினதா?"

"ஓம்."

"பிறகு, நான் சொன்னதுதான் சரியெண்டு எழுதினது?"

"அதுவும் நான்தான். ஆனா அது பொய்யில்லை, ரிஸ்னா."

"ஆர் சொன்னது? நீயா, அவரா?"

ரிஸ்னா ஊசியைக் குத்தி முடித்தாள். "எனக்குச் சொன்னதோட முடிஞ்சுது எண்டு நினைக்காதே. கூட்டத்தில சொல்லு" என்றுவிட்டு அவள் சட்டியைத் தூக்கினாள்.

கூட்டத்தில் மாஸ்டருக்கென்று வெள்ளைத் துணி விரித்த கதிரை, தட்டில் பொன்னாடை. சிவபாதம் மாமா வரவேற்புரையில் பளைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். மாஸ்டர் மாமரத்தின் கீழ் வைத்துப் படிப்பித்தது, முழங்காலில் விழுந்த அடி, அந்த அடியால்தான் தான் இன்று ஒரு மனிதன் என்பது. இன்னும் கொஞ்சம் விட்டால் அழுதுவிடுவார். நான் எழுந்தேன். "மாமா, கொஞ்சம் நில்லுங்கோ. நாகமணி மாஸ்டர் எண்டு ஒருத்தர் இல்லை. அது நான்தான் எழுதினது." ஒருவரும் நம்பவில்லை. கரும்பலகைக்குப் போய், வெண்கட்டியை இடக்கையில் பிடித்து, வே. நாகமணி என்று எழுதிக் காட்டினேன். மாமா பலகையைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு அடிச்சது ஆர்?"

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். மாமா கடைசியாகத்தான் சிரித்தார், ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கிய நேரத்தில்தான் என் அம்மா எழுந்து உன்னைச் சபித்தது. பிறகு நான் மாமாவிடமும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கடைசியாக ரிஸ்னாவிடம், வலக்கைப் பக்கமாக நின்று, என் சொந்தக் குரலில். அவள் கொப்பியை எடுத்து மண்ணிறத் தாளை உரித்தாள். தன் கருத்தை முதல் எழுத்தில் இருந்து கடைசிவரை வாசித்தாள். பிறகு தாளில்லாமல் பத்து நிமிடம் பேசினாள். கணித மாஸ்டர் மறுத்தார், சலூன்கார அண்ணை மேசையில் தட்டினார், பஞ்சுக் கட்சியில் இருந்து இரண்டு பேர் காதுக் கட்சிக்குத் தாவினார்கள். நடுவில் யாரோ அந்த வெள்ளைத் துணிக் கதிரையை இழுத்து உம்மாவுக்குப் போட்டார்கள். நான்தான் வட்டிலப்பம் பரிமாறினேன். உம்மாவின் போன் ஒரு தரம் அடித்தது. ரிஸ்னா பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அதை வாங்கிக் கட் பண்ணினாள். உம்மா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்தா.

அதற்குப் பிறகு ரிஸ்னா என்னோடு கதைக்கவில்லை. பதினாறு நாள். பஸ்ஸில் முன் சீற்றுக்குப் போனாள், வகுப்பில் வேறு வாங்கில் போய் இருந்தாள். நான் ஒரு பகிடி விடவில்லை. அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலும் இல்லையே" என்றார். ஊர் என்னை மன்னித்து, "என்ன மாஸ்டர், சுகமோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டது. எனக்கு ஊர் தேவையாக இருக்கவில்லை. ஊர் முழுக்கச் சிரித்தாலும் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தால் பகிடி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும் என்பதை நீ இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது.

போன செவ்வாய், ரியூசன் முடிந்து வரும்போது அவளுடைய சைக்கிள் என்னுடையதுக்குப் பக்கத்தில் வந்தது. முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "மாஸ்டரை விடு. நீ என்ன நினைச்சனீ?"

"எதைப் பற்றி?"

"புத்தகத்தைப் பற்றி."

நாகமணி மாஸ்டர் பதினொரு கருத்து எழுதியிருந்தார். எனக்கென்று ஒன்று இருக்கவில்லை. எது எழுதினால் ஆட்கள் சிரிப்பார்கள் என்று பார்த்துப் பார்த்தே வாசித்திருக்கிறேன். "தெரியேல்லை" என்றேன். "அப்ப போய் வாசி" என்றுவிட்டு அவள் மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

வாசித்தேன். அடுத்த நாள் பின்னேரம், ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது, கொப்பியில் வலக்கையால் எழுதினேன். "அவன் சாப்பிட்டது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நானூறு பக்கத்தில் எத்தனை பேரைக் காப்பாற்றினான். அதில் ஒருவராவது அன்றைக்கு ஒரு அப்பளத்தைப் பொரித்து எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். கதவைத் தட்டினால் பஞ்சு வைத்த காதுக்குக் கேட்காது. தள்ளித் திறந்துகொண்டு போக வேண்டும்." என் பெயரை முழுதாக எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

வியாழக்கிழமை அதற்குக் கீழே பதில் இருந்தது. "தள்ளித் திறந்துகொண்டு போக நீ யார்? அந்த மனிதன் ஒரு நேரமாவது தனியே இருந்து சாப்பிடட்டும். அப்பளத்தை வாசலில் வைத்துவிட்டு வா. ரிஸ்னா." நான் எழுதினேன், வாசலில் வைத்தால் காகம் கொண்டுபோய்விடும். அவள் எழுதினாள், காகமும் பசியோடுதான் இருக்கும். பஸ்ஸில் அது தொடர்ந்தது. இப்போது அவள் எனக்குப் பக்கத்தில் இருக்கிறாள், அங்கே இருந்தால்தானே சண்டை பிடிக்கலாம். நேற்றுக் கடைத்தெருவில், சனத்துக்கு நடுவில், "உனக்கு விசர், முழுப் பைத்தியம் நீ" என்று இரண்டு தரம் கத்தினாள். இரண்டு தரமும் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள், மகனே. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

இவ்வளவும் சொன்ன களைப்போடு,
உன்னை இன்னும் சந்திக்காத
அம்மா